கார் காப்பீட்டுத் தகராறுகளும் தீர்வு முறைகளும்

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்ட பின்னர், அவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் பிழைப்பு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரை நம்பியதாயிற்று. நாள்தோறும் சென்று திரும்புவோர் பெரும்பாலும் ரயிலையே நாடுகின்றனர். சேமிப்பைக் கொண்டு கார் வாங்கியவர்களும் உளர். இத்தகைய கார் விபத்துக்குள்ளாகி, காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்குமானால், உரிமையாளர் செய்யத்தக்கது யாது?

விபத்தில் பிறருக்கு நேரும் காயமும் உயிரிழப்பும் மோட்டார் வாகனச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தின் பொறுப்பாகும். சொந்தக் காருக்கு நேரும் சேதமோ உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தைச் சார்ந்தது. தகராறுகள் மிகுதியாக எழுவது இதில்தான்.

பழுதுபார்ப்புச் செலவுக்கும் பெற்ற தொகைக்கும் உள்ள வேறுபாடு அனைத்தும் அநீதியன்று. மூன்று ஆண்டுகளைக் கடந்து நான்கு ஆண்டுகள் நிறைவுறாத காரில், 12,000 ரூபாய்க் கதவு, 10,000 ரூபாய் பிளாஸ்டிக் பம்பர், 6,000 ரூபாய்க் கண்ணாடி ஆகியவை மாற்றப்பட்டதாகக் கொள்வோம். உலோகப் பகுதிக்கு 25 சதவீதமும், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிக்கப்படும், கண்ணாடிக்குக் கழிவில்லை. எனவே 28,000 ரூபாயில் 20,000 ரூபாயே தேறும். சிறிய கார்களுக்குரிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாயும் போக, கைக்கு வருவது 19,000 ரூபாய். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பைத் தனிப் பிரீமியம் செலுத்திப் பெற்றவர்க்கு இக்கணக்கு பொருந்தாது.

இதற்கும் குறைவாகத் தொகை கிடைப்பின், சர்வேயரின் அறிக்கையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். குறிப்பிட்ட வரம்பிற்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டுமென 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டம் கூறுகிறது. அம்மதிப்பீடு முக்கியமானதே, ஆயினும் அதுவே இறுதிச் சொல்லன்று என உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. ஒர்க்‌ஷாப் ரசீதுகளும் புகைப்படங்களும் இங்குதான் பயன்படும்.

சொந்தப் பயன்பாட்டுக்கென காப்பீடு செய்த காரில் வாடகைக்கு ஆள் ஏற்றியதாகக் கூறிக் கோரிக்கை முழுவதையும் தள்ளிவிடுவதும் உண்டு. நிபந்தனை மீறல் மெய்யாயினும், முழு மறுப்பு சரியன்று என்பது 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு. இத்தகைய மீறல்களில் ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை வழங்கலாமென்ற வழிகாட்டு நெறியை நீதிமன்றம் அதில் எடுத்துக்காட்டியது. பாலிசியின் நிபந்தனைகள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்க, தமிழும் கன்னடமும் மட்டும் அறிந்த ஒருவர் இந்த உரிமையைத் தாமாகவே அறிந்திருப்பார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

முறையீட்டில் முதற்படி, நிறுவனத்துக்கே எழுத்து மூலம் அனுப்பும் மனு. ஒரு மாதத்தில் பதில் வராவிடினும், வந்த பதில் நிறைவளிக்காவிடினும், ஓராண்டுக்குள் பெங்களூரிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அங்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை. 50 லட்ச ரூபாய் வரை அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

மற்றொரு வழி நுகர்வோர் ஆணையம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பின் அலுவலகம் உள்ள இடத்திலோ வழக்குக்குரிய நிகழ்ச்சி நேர்ந்த இடத்திலோதான் புகார் தொடுக்க இயலும். 2019ஆம் ஆண்டுச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க இடமளித்தது. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், தங்கவயல்வாசி கோலாரிலேயே வழக்காடலாம். இதற்குக் காலவரம்பு இரண்டாண்டு. ஆணையத்தில் வழக்கு நிலுவையிலிருக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே புகாரை ஏற்கமாட்டார். ஆகையால் முதலில் அவரிடம் செல்வதே பெரும்பாலும் அனுகூலமாகும்.

இடையில் நிறுவனம் ஒரு தொகையைத் தந்து, முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டதாக ரசீதில் கையெழுத்துக் கேட்பது வழக்கம். அக்கையெழுத்து மட்டுமே உரிமையை அழித்துவிடாது என 1999இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் அது வஞ்சகத்தாலோ நிர்ப்பந்தத்தாலோ பெறப்பட்டதென மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளரையே சாரும். எனவே மீதித் தொகைக்கான கோரிக்கையைக் கைவிடவில்லை எனத் தொகை பெறும் நாளிலேயே எழுதிக் கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுதல் நன்று.