குன்னத்து வீடுகளுக்கு ஈரமகற்றி வேண்டுமா?

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டாரத்தில் வெங்காயம் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. சின்ன வெங்காயத்தை விலை வரும்வரை பட்டறை போட்டுக் காப்பது இந்தப் பகுதியின் பழக்கம். தரை ஈரம் ஏறாதபடி உயர்த்திக் கட்டுவார்கள். பக்கவாட்டில் காற்று நுழைந்து வெளியேற இடைவெளி விடுவார்கள். மேலே மழை இறங்காமல் கூரை வேய்வார்கள். வெங்காயத்துக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு பல வீடுகளுக்குக் கிடைப்பதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் சுவரின் அடிப்பகுதி ஓதம் ஏறிப் பொரிகிறது. பீரோவின் பின்புறம் பூசணம் படர்கிறது. மடித்து வைத்த துணியில் மக்கிய வாடை வீசுகிறது.

இதற்கு மருந்தாக டீஹியூமிடிஃபையர் எனும் ஈரமகற்றி இப்போது கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. ஓர் அறைக்குப் போதுமான சிறியதும் உண்டு, வீடு முழுவதற்குமான பெரியதும் உண்டு. வாங்கலாமா என்று கேட்பதற்கு முன், அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

குளிர்ந்த மோர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். காற்று குளிர்ந்தால், தாங்க முடியாத மிச்சம் நீராகிவிடும். அப்படி நீராகத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். ஈரமகற்றிக்குள் ஒரு விசிறி அறைக் காற்றை இழுத்து, பனிநிலைக்கும் கீழே குளிர்ந்திருக்கும் குழாய்களின் மேல் செலுத்துகிறது. நீர் சொட்டித் தொட்டியில் விழுகிறது. காய்ந்த காற்று அடுத்துச் சூடான குழாய்களைக் கடந்து அறைக்கே திரும்புகிறது. ஏ.சி. செய்வதும் இதைத்தான், ஆனால் அது சூட்டை வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். ஈரமகற்றி சூட்டை உள்ளேயே விட்டுவிடும்.

ஏ.சி.யே ஈரத்தை அடக்கப் பிறந்ததுதான். 1902ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் காகிதம் விரிந்து சுருங்கியது. ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாகப் பொருந்தவில்லை. அதைத் தீர்க்க 25 வயது பொறியாளர் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த அமைப்பே நவீன ஏ.சி.க்கு முன்னோடி.

வீட்டுக்குள் ஈரம் மூன்று வழிகளில் வருகிறது. முதல் வழி நாமே. மூச்சிலும் வியர்வையிலும் ஒருவர் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாத நீரைக் காற்றில் சேர்க்கிறார். சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி உண்டாகிறது, 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது 22 லிட்டர் நீர் அடுப்பிலிருந்து மட்டுமே காற்றில் கலந்திருக்கும். மழை நாளில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயவைத்தால் அந்த ஈரமும் சேரும்.

இரண்டாவது வழி தரை. குன்னம் பகுதியில் பரவலாக இருப்பது கரிசல். அதிலுள்ள களிமண் நீரை உறிஞ்சி உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். இந்த அசைவு அஸ்திவாரத்தை ஆட்டிச் சுவரில் விரிசல் விடும். விரிசல் வழியே மழைநீர் இறங்கும். செங்கல்லின் நுண்துளைகள் வழியே தரையடி நீரும் மேலேறும். அது ஆவியாகும் இடத்தில் தங்கும் உப்புதான் வெள்ளையாகப் பூத்துப் பூச்சை உதிர்க்கிறது.

மூன்றாவது வழி வெளிக்காற்று. ஈரமகற்றியின் கணக்கு தோற்பது இங்கேதான். 800 சதுர அடி வீட்டில் ஏறத்தாழ 226 கனமீட்டர் காற்று இருக்கும். அடைமழை நாளில் 25 டிகிரி வெளிக்காற்றில் கனமீட்டருக்குச் சுமார் 22 கிராம் நீர் உண்டு. வீட்டுக்குள் 28 டிகிரியில் 55 சதவீத ஈரப்பதம் வேண்டுமானால் 15 கிராம்தான் இருக்கலாம். ஆக, வீட்டுக் காற்று ஒருமுறை மாறினாலே ஒன்றரை லிட்டர் நீர் உள்ளே வந்துவிடும். ஜன்னல் திறந்திருந்து மணிக்கு இருமுறை மாறினால் நாளுக்கு 75 லிட்டர். வீடு முழுவதற்குமான ஈரமகற்றிகள் நாளுக்கு எடுப்பதோ 35 முதல் 60 லிட்டர்.

நாளுக்கு 30 லிட்டர் எடுத்தாலும் செலவைப் பாருங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 17 யூனிட். இரண்டு மாதத்தில் ஆயிரம் யூனிட். போதாததற்கு, நீராவி நீராகும்போது விடும் சூடும் மோட்டாரின் சூடும் சேர்ந்து, 1,500 வாட் ஹீட்டரை இரவு பகலாக எரியவிட்ட அளவு வெப்பத்தை வீட்டுக்குள் கொட்டும். குளிர் நாடுகளுக்கு அது வரவு. நமக்கு அது தண்டனை.

எனவே முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓதம் தெரியும் சுவரில் ஓரடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் இருந்தால் காற்றிலிருந்து. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றையும் வாங்கி மாட்டுங்கள். நாள்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். 60க்குள் இருந்தால் கவலையில்லை.

சுவரிலிருந்து வரும் ஈரத்தை எந்த இயந்திரமும் நிறுத்தாது. தரையிலிருந்து புதிது புதிதாக ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டைச் சுற்றி மழைநீர் தேங்காமல் வாட்டம் கொடுப்பது, விரிசலை அடைப்பது, மொட்டை மாடித் தளத்தைச் சரிசெய்வது, புது வீடானால் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்பு அடுக்கு போடுவது ஆகியவையே மருந்து. பழைய மண்சுவர், சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசி ஈரத்தை உள்ளே அடைக்காதீர்கள். சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சுவிடும். அதன் காரத்தன்மை பூசணத்தையும் அண்டவிடாது. சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும். பீரோ சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஈரமகற்றி தேவைப்படும் இடங்கள் உண்டு: ஆஸ்துமா நோயாளியின் அறை, கேமராவும் பழைய ஆவணங்களும் இருக்கும் அறை, ஜன்னலே இல்லாத கிடங்கு. அங்கே ஓர் அறைக்கான சிறிய கருவி போதும். கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். அளவை 55 சதவீதத்தில் வையுங்கள். நீர்க்குழாயை வாட்டமாக வெளியே விடுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். ஏற்கெனவே ஏ.சி. இருந்தால், அதன் ‘டிரை’ பொத்தானை முதலில் முயன்று பாருங்கள்.

வீடு முழுவதற்குமான ஈரமகற்றியோ, காற்றுக் குழாய் பதித்து, எந்நேரமும் மூடியே கிடக்கும் வீடுகளுக்கு உருவான கருவி. சித்திரை வெயிலில் தானே காய்ந்துவிடும் குன்னத்தில், இரண்டு மூன்று மாத மழை ஈரத்துக்காக வீடு முழுவதற்கும் அதைப் பொருத்துவது வீண் செலவு. அந்தப் பணத்தில் இந்தக் கோடையிலேயே மாடித் தளத்தையும் சுவர் விரிசலையும் சரிசெய்துவிடுங்கள்.