மணாலியில் எங்கள் முதல் கூதிர்காலம்

இச்செய்திமடலை வார்டுக்கு வெளியே நீள்பலகையில் அமர்ந்து வாசிக்கும் உங்களுள் சிலர் என்னை அறிந்திருக்கக்கூடும். சென்ற ஆனி மாதம் வரையில் இம்மருத்துவமனையின் சர்க்கரைநோய்ப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றினேன். என் கணவர் இங்குள்ள சிற்றாலயத்தின் போதகர். மாலைதோறும் வார்டுகளுக்கு வந்துபோனவர். ஆவணிக் கடைசியில் நாங்கள் இருவரும், பிள்ளைகள் இருவரும், அவருடைய தாயாரும் இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு பள்ளத்தாக்கிலுள்ள மணாலிக்குக் குடிபெயர்ந்தோம். அங்கு ஒரு சிறு மிஷன் மருத்துவமனையில் அவருக்குப் போதகர் பணி, எனக்கு அரைநாள் செவிலியர் பணி. அங்கே நாள் எவ்வாறு கழிகிறது என்று எழுதும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டனர். எழுதத் தொடங்கியபோது, நாள் கழிந்த விதத்தைவிட அத்தையின் குதிகாலே முன்னே வந்து நின்றது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்று நம் இலக்கணம் வகுத்தது. நமக்கு அது மழையின் காலம். திருநெல்வேலிப் பக்கம் குளங்கள் நிறையும், துணி உலராது. இங்கோ மழை புரட்டாசியிலேயே விடைபெற்றுவிடுகிறது. வானம் கழுவித் துடைத்தாற்போல் நீலமாகிறது. மழைக்காலத்தில் சாம்பல் நிறத்தில் சேறு கலந்து பாய்ந்த பியாஸ் ஆறு பச்சைக் கண்ணாடியாகத் தெளிகிறது. தேவதாரு மரங்கள் மட்டும் எதற்கும் அசையாமல் கறுத்த பசுமையோடு நிற்க, அவற்றின் நடுவே பாப்ளார், வில்லோ, அக்ரோட்டு மரங்களின் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். பிற்பகலிலேயே வெயில் மலைக்குப் பின்னே இறங்கிவிடும். அதன்பின் குளிர் வாசற்படி ஏறி வந்து கூடத்தில் அமர்ந்துகொள்ளும்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது ஊர் முழுவதும் ஆப்பிள் பெட்டிகளாக இருந்தது. ஆப்பிள் முடிந்ததும் அக்ரோட்டு. அதன் பச்சைத் தோலை உரித்தால் விரல்களில் கருஞ்சாயம் ஏறும், சோப்புக்கு மசியாது. பள்ளியில் சேர்ந்த மூன்றாம் வாரத்திலேயே என் மகன் கறுத்த விரல்களோடு வந்து, “இப்ப நானும் இந்த ஊர்க்காரன்தான்” என்றான். கூரைகளின்மேல் மக்காச்சோளக் கதிர்கள் உலர்கின்றன. பெண்கள் முதுகு மறையப் புற்கட்டுகளைச் சுமந்து வருகிறார்கள். பனிக்காலத்தில் மாட்டுக்கு வேறு தீனி கிடையாது. எங்களுக்கு மாடு இல்லையெனினும் விறகு வேண்டும். இவ்வூரில் தந்தூர் என்றால் ரொட்டி சுடும் அடுப்பு மட்டுமன்று. அறையின் நடுவே நிற்கும் இரும்பு அடுப்பையும் அப்படியே அழைக்கிறார்கள். அதன் புகைக்குழாய் கூரை வழியே வெளியேறும். குழாயில்லாத கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு உறங்கக்கூடாது என்று வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அம்மையார் மும்முறை எச்சரித்தார். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். அந்த எச்சரிக்கையை நாங்கள் அப்படியே கடைப்பிடித்தோம். ஆயினும் தீங்கு வேறு வழியாக வந்தது.

அத்தைக்கு எழுபத்தொரு வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவற்றுள் எட்டு ஆண்டுகள் இன்சுலின். நம் ஊரில் குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளுக்கு மண்பானையில் ஈரமணல் இட்டு இன்சுலினைக் காக்கச் சொல்லித்தந்தவள் நான். இங்கே பாடம் தலைகீழ். குளிர்ந்தால் போதாது, உறையாமல் இருக்கவேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் மீண்டும் இளகினாலும் பயன்படாது. அதைக் கொட்டிவிடவே வேண்டும். ஆகவே சமையலறைச் சன்னல் விளிம்பில் வைக்காமல், கம்பளித்துணியில் சுற்றி உள்ளறை அலமாரியில் வைத்தோம். விரல்கள் குளிர்ந்திருந்தால் ஊசியால் குத்தினாலும் சோதனைக்கு வேண்டிய துளி இரத்தம் வராது என்பதையும், சோதனைக் கருவியே மிகுந்த குளிரில் சரியாக வேலை செய்யாது என்பதையும் இங்கு வந்தே அனுபவத்தில் கண்டேன். இவ்வளவு கவனமாக இருந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் இப்போது எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

அக்டோபர் முதல் வாரத்தில் ஓர் இரவு, கால் குளிர்கிறது என்று அத்தை சொன்னார். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி நானே அவருடைய பாதத்தருகே வைத்தேன். இரவில் துண்டு விலகியிருக்கிறது. காலையில் எழுந்து வழக்கம்போல் அடுக்களைக்கு வந்து, பேத்தியோடு பேசியபடி காப்பி குடித்தார். “ஆச்சி, தரையில என்ன ஈரம்?” என்று மகள் கேட்ட பின்னரே நாங்கள் குனிந்து பார்த்தோம். வலது குதிகாலில் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அவருக்கு வலிக்கவில்லை. அந்த வலியின்மைதான் என்னை நடுங்க வைத்தது.

உங்கள் பிரிவில் எத்தனை பாதங்களை நான் நைலான் இழையால் தொட்டு, “தெரியுதா அண்ணாச்சி? இப்போ தெரியுதா?” என்று கேட்டிருப்பேன்! நீண்டகாலச் சர்க்கரை நோய் பாத நரம்புகளின் உணர்வைக் குறைத்துவிடும், ஆகவே வெந்நீர்ப் பையையோ சூடான நீரையோ பாதம் அறியாது, நீரைக் கையாலோ முழங்கையாலோ சோதித்தே ஊற்றவேண்டும் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! அத்தையின் பாதத்தை அவ்வாறு சோதித்தே இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டார் பாதம்தானே என்ற எண்ணம் போலும்.

மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டுக் கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை. தோலின் ஆழ்ந்த அடுக்குவரை வெந்திருக்கிறது, குதிகாலாதலால் ஆற நாளாகும், சீழ் பிடித்தால் எலும்புவரை போகலாம், கால் தரையில் அழுந்தவே கூடாது என்றார். இன்சுலின் அளவை மாற்றினார். ஐந்து வாரங்கள் நாள்தோறும் உப்புநீரால் கழுவிக் கட்டுப் போட்டேன். முதல் இரண்டு வாரங்கள் புண்ணின் விளிம்பு அசையவே இல்லை. அவ்விரு வாரங்களும் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை என்று நினைவு.

என் கணவரின் பணியும் அந்நாட்களில்தான் இடம் கண்டது. எங்கள் ஊர்ப்பக்கம் போதகரை ‘ஐயர்’ என்பர். எந்த வீட்டிலும் ஐயருக்கு ஒரு நாற்காலி உண்டு. இங்கே அவரை யாரும் அறியார். அவருடைய இந்தியோ பள்ளியில் மூன்றாம் வகுப்பு மாணவனின் இந்தி. பேசத் தெரியாத போதகர் என்ன செய்வது? படுக்கையருகே அமர்ந்திருக்கக் கற்றுக்கொண்டார். யாராவது செபிக்கச் சொன்னால் தமிழில் செபித்தார். சொல்லாவிட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். ‘இங்கேயும் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது’ என்று ஒருநாள் சொன்னார். லாகௌலிலிருந்து வந்த ஒரு மூதாட்டியின் படுக்கையருகே இருந்த நாற்காலி அது. முன்பு பனி விழுந்து ரோதாங் கணவாய் மூடினால் லாகௌல் மக்கள் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடந்தனர். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின்னர் நிலைமை மாறிவிட்டது. அம்மூதாட்டியும் மூச்சுத்திணறலோடு அவ்வழியே வந்தவர்.

கட்டு மாற்றுவதற்காக அத்தையைச் சக்கர நாற்காலியில் அழைத்துவரும் போதெல்லாம் அவரை அம்மூதாட்டியின் அருகே விட்டுச் செல்வோம். அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தைக்கு அவர் மொழியும் தெரியாது, இந்தியும் தெரியாது. இருவரும் ஒருமணி நேரம் பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், “அவுகளுக்கும் மருமகதான் பாக்குதாளாம்” என்பார் அத்தை. எப்படித் தெரிந்ததோ!

விசயதசமியன்று பிற இடங்களில் தசரா முடிகிறது. குல்லுவில் அன்றுதான் தொடங்குகிறது. மலைக்கிராமங்களின் தெய்வங்கள் பல்லக்கில் தால்பூர் திடலுக்கு வந்து ஏழு நாட்கள் தங்குகின்றன. பிள்ளைகளை அண்டை வீட்டார் அழைத்துச் சென்று காட்டினர். நானும் அத்தையும் வீட்டிலிருந்தோம். பாதையில் செல்லும் கொம்பு, மேளம் ஆகியவற்றின் ஒலி மட்டும் கேட்டது. அந்த வாரத்தில்தான் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக மெல்லிய தோல் படர்ந்ததைக் கண்டேன்.

நவம்பர் முதல் ஞாயிறு ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை. ஆப்பிள், அக்ரோட்டு, ராஜ்மா, சிவப்பரிசி, ஒரு பெரும் பூசணி எல்லாம் படைக்கப்பட்டன. நம் ஊர் வழக்கப்படி அவற்றை ஏலம் விடலாம் என்று என் கணவர் எழுந்தார். அவருடைய இந்தி எண்கள் நாற்பதுக்குமேல் குழம்பின. சபையார் சிரித்துச் சிரித்து விலையை ஏற்றினர். பூசணியை இறுதியில் அத்தையே எடுத்தார், தம் மகன் சொன்ன விலைக்கும் அதிகமாக.

புண் இப்போது மூடிவிட்டது. எனினும் பனிக்காலத்தை அத்தை பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் கழிப்பதே நல்லது என்று மருத்துவர் கூறிவிட்டார். எனக்கு அது தண்டனையாகவே தோன்றியது. ஐந்து வாரம் பார்த்த கால் இனி என் கைக்கு எட்டாது. அத்தை வேறாக நினைத்தார். “பங்குனியில வாரேன் எம்மா. நீ மூஞ்சியத் தூக்கிட்டு இருக்காத” என்றார். நவம்பர் இறுதியில் அவர் மகன் கொண்டுபோய் விட்டுத் திரும்புவார்.

லாகௌல் மூதாட்டி வீடு திரும்புமுன் தாம் பின்னிய ஒரு சோடிக் கம்பளிக் காலுறையை அத்தையிடம் கொடுத்தார். சிவப்பும் பச்சையுமாய்ப் பூவேலை. நான் அதை உள்புறம் திருப்பி, முடிச்சு ஏதும் பாதத்தை உறுத்துமா, கணுக்காலில் இறுக்குமா என்று விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு முடிச்சும் இல்லை. பாளையங்கோட்டை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவேன் என்று அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறார்.