சிவப்பைக் காக்கும் புளிப்பு

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துத் தெருக்களில் செம்பருத்திச் செடியைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாமிக்குப் பறித்தது போக மிஞ்சும் நாலு பூவின் இதழ்களைக் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி வைத்தால் சற்று நேரத்தில் இதழ்கள் வெளிறிவிடும். நிறமெல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும். ஆனால் வந்த நிறம் சிவப்பாக இருக்காது. கொஞ்சம் கறுத்த, அழுக்கேறிய ஊதா. எடுத்துக் குடிக்க யாருக்கும் மனம் வராது. அதில் அரை எலுமிச்சையைப் பிழிந்து பார்க்க வேண்டும். சாறு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு கிளம்பி, கரண்டியால் ஒரு கலக்கு கலக்குவதற்குள் டம்ளர் முழுக்கக் குங்குமச் சிவப்பாகிவிடும்.

மெக்சிகோக்காரர்கள் இதே குடும்பத்துப் பானத்தை எலுமிச்சை இல்லாமலே அந்தச் சிவப்பில் எடுத்துவிடுகிறார்கள். அங்கே சந்தை, சாப்பாட்டுக் கடை, தெருமுனை என்று எங்கே போனாலும் பெரிய கண்ணாடி ஜாடிகளில் ‘அகுவா ஃப்ரெஸ்கா’ என்ற குளிர்பானங்கள் நிற்கும். வெள்ளையாக இருந்தால் அரிசியும் பட்டையும் சேர்ந்த ஓர்ச்சாட்டா. பழுப்பாக இருந்தால் புளிக்கரைசல். அதில் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டால் ராமநவமிப் பானகம் என்று நம்மூரில் தாராளமாக விநியோகிக்கலாம். அடர்சிவப்பாக இருந்தால் ‘அகுவா டி ஹமைக்கா’. செம்பருத்திப் பானம் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது இந்த மூன்றாவது ஜாடிதான்.

அந்தச் செம்பருத்தி வாசலில் பூக்கும் செம்பருத்தி அல்ல. ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா என்ற வேறு இனம். ஆந்திரத்துக் கோங்குரா இதுவே. தமிழ்நாட்டுச் சந்தையில் புளிச்சக்கீரை என்று கட்டாகக் கிடைப்பதில் இரண்டு செடிகள் உண்டு. அவற்றில் தண்டு சிவந்த வகை பெரும்பாலும் இதுவாக இருக்கும். இதன் பூ வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு, ஆயுள் ஒரே நாள். பானத்துக்குப் பூ தேவையே இல்லை. அது உதிர்ந்த பிறகு, பூவைத் தாங்கியிருந்த புல்லி இதழ்கள் சதைப்பிடித்துச் சிவந்து, உள்ளே இருக்கும் விதைக்காயைப் பொதிந்துகொள்ளும். மூன்று வாரம் கழித்து அதைப் பறித்து, காயைக் கழற்றிவிட்டு, சிவந்த தோலை மட்டும் வெயிலில் காய வைக்கிறார்கள். கடையில் ‘காய்ந்த செம்பருத்திப் பூ’ என்று விற்பது இந்தத் தோல்தான்.

செடியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அடிமைக் கப்பல்களோடு அட்லாண்டிக்கைக் கடந்து, 17-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலும் 1707-இல் ஜமைக்காவிலும் வளர்ந்துகொண்டிருந்தது. இன்று மெக்சிகோவில் இதை அதிகம் பயிரிடுவது பசிபிக் கரையோர கெரேரோ மாநிலம். சூடானிலும் எகிப்திலும் இதே தோலைக் ‘கர்க்கடே’ என்று காய்ச்சுகிறார்கள், செனகலில் ‘பிஸ்ஸாப்’. ஜமைக்காவில் இஞ்சி தட்டிப்போட்டுக் கிறிஸ்துமசுக்குக் குடிக்கிறார்கள். தமிழர்கள் நிறைய வாழும் மலேசியாவிலும் திரங்கானு மாநிலத்தில் பயிராகிறது.

கரிசல் காட்டுக்கு இந்தக் குடும்பம் அந்நியமல்ல. பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி எல்லாம் செம்பருத்திக்குப் பங்காளிகள். புளிச்சையே ஒரு காலத்தில் கீரைக்காக மட்டுமல்லாமல் நாருக்காகவும் வளர்ந்த பயிர். பருத்திக்காட்டில் நின்று பார்த்தவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும்: காலையில் வெளிர் மஞ்சளாக விரிந்த பருத்திப்பூ மறுநாள் இளஞ்சிவப்பாகத் தொங்கும். அந்தச் சிவப்பும் வாசல் செம்பருத்தியின் சிவப்பும் கெரேரோவின் சிவப்பும் ஒரே வகை நிறமிகள். அவற்றுக்கு ஆந்தோசயனின் என்று பெயர்.

ஆந்தோசயனினுக்குச் சொந்தமாக நிலையான நிறம் கிடையாது. அக்கம்பக்கத்தில் எவ்வளவு புளிப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மூலக்கூறு தன் கட்டமைப்பையே மாற்றிக்கொள்ளும். பி.எச். 3-க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பில், பளிச்சென்ற சிவப்பு. 4, 5 என்று ஏறும்போது வெளிறும். 7-ஐ நெருங்கினால் ஊதா, அதற்கும் மேலே நீலம், பச்சை. காரம் மிகுந்தால் மூலக்கூறு உடைந்து மஞ்சள். பள்ளி அறிவியல் பாடத்தில் மஞ்சள்தூளோடு செம்பருத்தியும் நிறங்காட்டியாக வருவது இதனால்தான். சிவகாசி ஆஃப்செட் அச்சகங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பி.எச். புதிய சமாச்சாரமும் இல்லை; தகட்டை நனைக்கும் ஃபவுண்டன் சொல்யூஷனை 5-ஐ ஒட்டி வைத்திருக்காவிட்டால் அச்சு கெட்டுவிடும். அந்தக் கரைசலின் அளவில் செம்பருத்தித் தண்ணீர் இருந்தால் நிறம் சோகை பிடித்துப் போகும்.

மெக்சிகோ ஜாடியின் ரகசியம் இங்கே இருக்கிறது. புளிச்சையின் தோலில் நிறமியோடு சிட்ரிக், மாலிக் அமிலங்களும், செம்பருத்தி அமிலம் என்றே பெயர் பெற்ற ஓர் அமிலமும் நிறைய உண்டு. கடைசியாகச் சொன்னது குடம்புளியின் அமிலத்துக்கு நெருங்கிய சொந்தம். ஊறவைத்த தண்ணீரின் பி.எச். 2.5-இலிருந்து 3-க்குள் நிற்கும். சிவப்பைக் காப்பாற்றும் புளிப்பை அந்தத் தோல் கையோடு கொண்டுவந்துவிடுகிறது. வாசல் செம்பருத்தியின் இதழில் நிறமி தாராளம், புளிப்புதான் இல்லை. அந்தக் குறையை எலுமிச்சை தீர்க்கிறது.

பனங்காட்டில் கதை தலைகீழ். பதநீர் இறக்குபவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார். ஈஸ்ட் வளர முடியாத அளவுக்குக் காரம் ஏறுவதால் பதநீர் கள்ளாகாமல் இனிப்பாகவே இறங்குகிறது. பதநீருக்குச் சுண்ணாம்பு காவல், செம்பருத்திக்குப் புளிப்பு காவல். இரண்டையும் கலந்து புதுமை செய்யலாம் என்று யாராவது கிளம்பினால் நிறம் கைவிட்டுவிடும்: தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் சில சொட்டு விட்டாலே வாசல் செம்பருத்திச் சாறு பச்சையாகிவிடும்.

பட்டாசு ஊரின் சிவப்பு முற்றிலும் வேறு வகை. வானில் விரியும் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் உப்பு. பச்சைக்குப் பேரியம், 2018-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்ததே அந்தப் பேரியம். தீயின் சூட்டில் அவை தாமே ஒளியை வெளியிடுகின்றன. செம்பருத்தி எதையும் வெளியிடுவதில்லை. வெள்ளை ஒளியிலிருந்து பச்சைப் பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. ஆகவே வாணவேடிக்கைக்கு இருட்டு வேண்டும், இந்தப் பானத்தின் அழகுக்கு வெளிச்சம் வேண்டும்.

இனி அடுப்படி. காய்ந்த புளிச்சைத் தோல் 40 கிராம் இருந்தால் இரண்டு லிட்டர் பானம் தேறும். தூசி போக ஒரு தடவை அலசினால் போதும். அதிகம் அலசினால் நிறமும் சேர்ந்து போகும். எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் தோலைப் போட்டு, சிறுதீயில் ஐந்து நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்து, மூடி இருபது நிமிடம் விட வேண்டும். வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் 150 கிராம் சர்க்கரையைக் கரைத்து, மீதி ஒரு லிட்டரைக் குளிர்ந்த நீராக ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் ஐஸ் கட்டிகளும் சேர்த்தால் முடிந்தது. நீண்ட நேரம் கொதிக்க விட்டால் நிறமி சிதைந்து பழுப்பு தட்டும். அவசரமில்லை என்றால் அடுப்பே வேண்டாம்: குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தாலும் சாறு இறங்கிவிடும், துவர்ப்பு குறைவாகவும் இருக்கும்.

பாத்திரத்தில் கொஞ்சம் கவனம் தேவை. அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும். இரும்புச் சட்டியில் கரையும் இரும்பு நிறமியைப் பிடித்துக்கொண்டு சாற்றைக் கருநீலமாக்கும்.

வாசல் பூவில் செய்பவர்கள் அடுக்குச் செம்பருத்தியை விட ஐந்து இதழ் ஒற்றைச் சிவப்பை எடுப்பது நல்லது. காம்பு, பச்சைப் புல்லி, நடுவில் நீட்டியிருக்கும் மகரந்தத் தண்டு மூன்றையும் கிள்ளி எறிந்துவிட்டுப் பத்துப் பூவின் இதழ்களை இரண்டு டம்ளர் கொதிநீரில் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்ட வேண்டும். கையால் கசக்கினால் கொழகொழப்பு இறங்கிவிடும். தலைக்குச் செம்பருத்தித் தாளி தேய்ப்பவர்களுக்கு அது பிடித்த குணம், டம்ளரில் பிடிக்காது. மாவுப்பூச்சிக்கு மருந்தடித்த செடியின் பூவை இதற்குத் தொடவே கூடாது; நர்சரியில் புதிதாக வாங்கி வந்த செடியென்றால் சந்தேகம் கூடுதலாகவே இருக்கட்டும்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் இன்னொரு சிக்கல். போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் எலுமிச்சையின் புளிப்பில் பாதியைத் தின்றுவிடும். அரை மூடிக்குப் பதில் ஒரு மூடி பிழிந்தாலும் சிவப்பு தயங்கித்தான் வரும். கேன் தண்ணீர் என்றால் உடனே எடுக்கும். கோலி சோடா ஊற்றலாம், அதன் வாயுவே லேசான அமிலம்தான். சோடா உப்பு மட்டும் பக்கத்தில் வரக்கூடாது.

இனிப்புக்குக் கருப்பட்டி போட்டால் ருசி குறையாது, சிவப்பு மட்டும் மண்ணாகிவிடும். பார்வைக்கு வேண்டுமானால் சர்க்கரையே சரி. நன்னாரி சர்பத் பழகிய நாக்குக்கு அதில் ஒரு கரண்டி சேர்த்துக் குடித்தால் மெக்சிகோவை விட ஒரு படி மேலே என்று தோன்றக்கூடும். காளிமார்க்கைப் பழனியப்ப நாடார் 1916-இல் தொடங்கிய ஊர் விருதுநகர். பொவண்டோவும் பன்னீர் சோடாவும் குடித்து வளர்ந்த மக்களுக்கு ஒரு குளிர்பானத்தை எடைபோடப் பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை.

உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்த அழுத்தம் சற்றே கூடியிருந்த 65 பேர் கலந்துகொண்டார்கள். புளிச்சைத் தேநீரைத் தினம் மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது இதற்குப் பொருளல்ல. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தினசரிப் பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். பெரிய டம்ளர் நிறையச் சர்க்கரை போட்டுக் குடித்தால் கிடைக்கிற நன்மையும் சர்க்கரையோடு போகும்.

காய்ந்த தோலை விலைக்கு வாங்க யோசிப்பவர்கள் விதை போட்டுப் பார்க்கலாம். பகல் நீளம் குறையும்போது பூக்கும் செடி இது. ஆடி, ஆவணியில் ஊன்றினால் கார்த்திகை வாக்கில் பூத்து, மழை ஓய்ந்த மார்கழி, தையில் தோல் பறிப்புக்கு வந்துவிடும். அந்த வெயிலிலேயே காயவைத்து டப்பாவில் அடைத்தால் சித்திரைக்குத் தயார். தண்ணீர் தேங்கினால் அழுகும், வறட்சியைத் தாங்கும். கரிசலில் மழை பிடித்தால் பாத்தியில் நீர் நிற்கும் என்பதால் வரப்போரம் பொருத்தமான இடம்.

வடிகட்டிய பிறகு மிஞ்சும் சக்கையைக் குப்பையில் கொட்டுவது வீண். மெக்சிகோவில் அதை வெங்காயம், பூண்டு, மிளகாயோடு வதக்கி டாக்கோவுக்குள் வைக்கிறார்கள். நம் அடுப்படியில் நல்லெண்ணெயில் வரமிளகாய், உளுந்து, பூண்டு வறுத்து, சக்கையையும் ஒரு பிரட்டு பிரட்டி, உப்பு வைத்து அரைத்தால் துவையல். பாதிப் புளிப்பு பானத்துக்குப் போய்விட்டதால் கொட்டைப்பாக்கு அளவு புளி சேர்க்க வேண்டியிருக்கும்.