சத்தம் கூடும், பிக்கப் கூடுமா?

செகண்ட் ஹேண்டில் ஸ்விஃப்ட் வாங்கிய பையன் முதலில் கை வைப்பது அலாய் வீலில், அடுத்தது சைலன்சர். 2005 முதல் நம் சாலைகளில் ஓடும் இந்தச் சின்ன கார் அளவுக்கு ஒர்க்‌ஷாப்காரர்களுக்குப் பழகிப்போன வண்டி குறைவு. "கம்பெனி சைலன்சர் என்ஜினை அமுக்கிப் பிடிக்குது, அதைத் தூக்கிட்டா வண்டி பறக்கும்" என்ற பேச்சையும் அங்கேதான் கேட்கலாம்.

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை முதலில் மேனிஃபோல்டில் ஒன்றுசேர்கிறது. அதையடுத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். நடுவழியில் ரெசனேட்டர், பின் பம்பருக்குக் கீழே மஃப்ளர். சைலன்சர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசி டப்பாவைத்தான். அறுத்துப் பார்த்தால் உள்ளே சிறு சிறு அறைகள், தடுப்புத் தகடுகள், துளை போட்ட குழாய்கள். ஒலி அலைகள் இவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று மட்டுப்படுத்திக்கொள்கின்றன. பல மஃப்ளர்களின் அடிப்பக்கம் பொடியாக ஒரு ஓட்டையும் இருக்கும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. சூடேறாத டப்பாவில் அது தண்ணீராகத் தேங்கும். அது வடியத்தான் அந்த ஓட்டை. துருப்பிடித்த பொத்தல் என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால், உள்ளிருந்தே தகடு அரித்துப்போகும்.

சரி, பிக்கப்?

புகை குழாயில் ஒரே சீராக ஓடுவதில்லை, விட்டு விட்டுப் பாய்கிறது. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 முறை புகை வெளியே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பின்னால் அழுத்தம் சற்றுத் தாழும். குழாயின் நீளமும் விட்டமும் சரியாக அமைந்தால், அந்தத் தாழ்வே சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்து வெளியே கொண்டுவரும். விட்டத்தைக் கண்டபடி கூட்டினால் புகையின் வேகம் குறையும், இழுப்பும் போகும். அந்த நஷ்டம் தெரிவது குறைந்த சுற்றுகளில். அதாவது சிக்னல் விட்டுச் சிக்னல் நகரும் டவுன் ஓட்டத்தில்.

டர்போ உள்ள கார்களின் கதை வேறு. அங்கே டர்பைனைத் தாண்டியபின் தடை குறைந்தால் பலன் கிடைக்கும், அதற்கேற்ப கணினியின் அமைப்பையும் மாற்றினால் இன்னும் கூடும். 2018 மாடல் ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு டர்போ கிடையாது, திறன் 83 பி.எஸ். மஃப்ளரை மட்டும் மாற்றி அதில் உணரும்படியான மாற்றத்தை எதிர்பார்ப்பது வீண். கூடுவது சத்தம், காதுக்கு அது வேகம்போல் கேட்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சத்தமும் பழகப் பழகத் தொல்லை. மேலே சொன்ன நொடிக்கு 100 என்ற கணக்கு, காதுக்கு 100 ஹெர்ட்ஸ் ஒலி. பல சிறிய கார்களில் நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜின் இதையொட்டித்தான் சுற்றும். ரெசனேட்டரை அறுத்தெறிந்த காரில் அந்தத் தாழ்ந்த ஒலி கேபினுக்குள் கும்மென்று நிறையும். சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும்.

இதையெல்லாம்விட மோசம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கழற்றி எறிவது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய அந்தத் தேன்கூட்டு அடுக்குதான் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் பெருமளவு தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. அதன் முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் உண்டு. கன்வெர்ட்டர் இல்லாவிட்டால் டாஷ்போர்டில் 'செக் என்ஜின்' விளக்கு எரியும். புகைப் பரிசோதனையிலும் வண்டி மாட்டிக்கொள்ளும்.

சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 மாதம் லைசென்ஸும் போகும்.

சத்தத்தின்மேல் அவ்வளவு ஆசை என்றால், அப்படியே ஷோரூமிலிருந்து வரும் கார்களும் உண்டு. 2021-ல் ஹூண்டாய் கொண்டுவந்த ஐ20 என் லைனில் இரட்டைக் குழாயும் சற்றே கனத்த உறுமலும் கம்பெனியே வைத்துக் கொடுத்தவை. போலீஸ் நிறுத்தினாலும் ஆர்.சி.யை நீட்டிவிட்டுப் போகலாம்.