நீரால் குளிரும் கணிப்பொறி: உறுப்புகள் பழுதுறுமுன் செய்யத்தக்கவை

கணிப்பொறி தான் பெறும் மின்சக்தியை ஏறக்குறைய முழுவதும் உஷ்ணமாகவே வெளியிடுகிறது. அதன் மூளை எனத்தக்க செயலி, ஒரு தீப்பெட்டியளவு பரப்பிலிருந்து 200 வாட் உஷ்ணத்தை வெளிவிடக்கூடும். இதனை அகற்றுவதற்குக் காற்றினும் நீர் சிறந்தது; கன அளவு ஒத்திருப்பின், நீர் காற்றைப்போல் சுமார் 3,500 மடங்கு உஷ்ணத்தை ஏற்கவல்லது. 1960-களில் வெளிவந்த ஐ.பி.எம். 360 வரிசையின் 91-ஆம் மாதிரி நீரால் குளிர்விக்கப்பட்டதே. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் 2022-இல் இயங்கத் தொடங்கிய ‘ஃப்ரான்டியர்’ என்னும் மாபெரும் கணிப்பொறிக்கு, 350 குதிரைத் திறனுள்ள 4 பம்புகள் நிமிடந்தோறும் 22,000 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைச் செலுத்துகின்றன. ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் மேசைமீதுள்ள கணிப்பொறிகள் சிலவற்றிலும் இம்முறை இப்போது காணப்படுகிறது. ஆனால் அவற்றில் பம்பு பெரும்பாலும் ஒன்றே. தொல்லையின் தோற்றுவாய் இதுதான்.

அமைப்பு எளியது. செயலியின்மேல் ஒரு தாமிரத் தகடு பொருத்தப்பட்டுள்ளது. பம்பு நீரை அதனூடே செலுத்த, சூடேறிய நீர் ரப்பர்க் குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, விசிறிக் காற்றால் குளிர்ந்து மீள்கிறது. நிமிடத்திற்கு 1 லிட்டர் நீர் ஓடுமாயின், 200 வாட் உஷ்ணம் அந்நீரைச் சுமார் 3 டிகிரி மட்டுமே உயர்த்தும். பம்பு நின்றுவிட்டால் நிகழ்வதென்ன? ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு கணக்காகவே தரலாம். தகட்டின் எடை 250 கிராம் எனக் கொள்வோம். அதன் வெப்பநிலை 1 டிகிரி உயர 96 ஜூல் போதும். ஆகவே வெப்பநிலை நொடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி வீதம் ஏறும். 60 டிகிரியில் இருந்த செயலி சுமார் 20 நொடிகளில் 100 டிகிரியை எட்டிவிடும். தற்காலச் செயலிகள் அந்நிலையில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதெனில் நின்றுவிடும். எனவே செயலி கருகுவது அரிது. அழிவது, சேமித்து வைக்கப்பெறாத வேலையே.

பம்பின் சுற்று எண்ணிக்கையைத் தெரிவிக்கும் கம்பி ஒன்று உண்டு. அதனை உரிய இடத்தில் இணைத்து, சுற்று குறைந்தால் எச்சரிக்கை ஒலிக்குமாறு அமைத்தல் முதற் கடமை. அது மட்டும் போதாது. காற்றுக் குமிழியோ கசடோ அடைத்துக்கொண்டபோதும் பம்பு சுழன்றுகொண்டேயிருக்கும், நீர்தான் ஓடாது. ஆகையால் ஒரே வகையான வேலையின்போது செயலியின் வெப்பநிலையையும் அறையின் வெப்பநிலையையும் மாதம் ஒருமுறை குறிப்பேட்டில் பதிந்து வருதல் நலம். மழைமானியைப் படித்துப் பழகிய களப்பணியாளருக்கு இது பெரிய சுமையன்று. இரண்டிற்குமிடையே உள்ள வேறுபாடு மாதத்திற்கு மாதம் வளருமாயின் பழுது நெருங்குகிறது என்றறியலாம்.

மூடி முத்திரையிடப்பட்ட சாதனங்களிலும் ரப்பர்க் குழாயின் சுவர் வழியே நீர் சிறிது சிறிதாக ஆவியாய் வெளியேறுகிறது. அவ்விடத்தைக் காற்று நிரப்பும். காற்று எப்போதும் உச்சியை நாடுமாதலால், ரேடியேட்டரின் மேற்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்குமாறு பொருத்த வேண்டும். சலசலவென்னும் ஓசை கேட்பின் அது காற்றின் அறிகுறியே. நீரைத் தாமே ஊற்றிக்கொள்ளத்தக்க அமைப்புகளில் குழாய்நீரை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. காய்ச்சி வடித்த நீருடன், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தைச் சேர்த்தல் வேண்டும். தாமிரமும் அலுமினியமும் ஒரே நீரில் தோயும்போது அலுமினியம் அரிக்கப்படுகிறது என்பது, மின்கலத்தின் பாடத்தை நடத்தும் ஆசிரியர் அறிந்ததே.

கசிவைக் குறித்தே பலரும் அஞ்சுவர். புதிதாகப் பூட்டிய குழாய்களுக்குக் கீழே மையொற்றுத் தாளைப் பரப்பி, மற்ற உறுப்புகளுக்கு மின்சாரம் அளிக்காமல் பம்பை மட்டும் ஒருநாள் ஓடவிட்டால் ஈரம் தானே காட்டிக்கொடுக்கும். பிற்காலத்தில் கசிவு கண்டால் முதலில் செருகியைப் பிடுங்க வேண்டும். “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று பொத்தானை அழுத்துவதே பலகைகளைப் பாழாக்கும் செயல். விசிறிப் பழுது இவற்றுள் மிக எளியது. அதே அளவுள்ள விசிறி கடையிற் கிடைக்கும்.

முத்திரையிட்ட சாதனத்தில் பம்பு கெட்டால் முழுச் சாதனத்தையும் மாற்ற நேரும். அது வந்து சேர வாரங்கள் ஆகலாம். ஆகவே மாற்று உறுப்புகளுள் முதன்மையானது மற்றொரு பம்பு அன்று. விலை குறைந்த, காற்றால் குளிர்விக்கும் சாதாரணச் சாதனமே. அதனுடன் உஷ்ணம் கடத்தும் பசைக் குழலும், செயலிக்குரிய இணைப்புத் தகடும் இருத்தல் அவசியம். இத்தகட்டைத்தான் அட்டைப் பெட்டியோடு எறிந்துவிடுவது அலுவலக வழக்கம்!

இதனை எழுதுபவரின் அறையிலும் அவ்வாறே நேர்ந்தது. கலைச்சொற்பட்டியல் அச்சுக்குச் செல்ல 2 நாள் இருக்கையில் பம்பு நின்றது. பட்டியலின் பிரதி வேறொரு வட்டில் இருந்தமையால் அன்று காலை செய்த திருத்தங்கள் மட்டுமே போயின. காற்றுச் சாதனமும் கைவசம் இருந்தது, தகடுதான் இல்லை. அதனைத் தேடுவதில் ஒரு முழு நாள் கழிந்தது. மறுநாள் கணிப்பொறி சற்றே மெதுவாகவும் மிக்க இரைச்சலோடும் ஓடிப் பட்டியலை முடித்துக் கொடுத்தது. இப்போது அத்தகடு ஓர் உறையிலிடப்பட்டு, கணிப்பொறிப் பெட்டியின் வெளிப்பக்கத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது.