செருகுவாய் நிறைந்த பின்னர்

உலவியில் பத்துப் பதினைந்து தாவல்களைத் திறந்துவைத்துக் காணொலி ஒன்றையும் ஓடவிட்டால், சில மடிக்கணினிகளில் சுட்டி நகரவே மறுப்பதைக் கண்டிருப்பீர்கள். நினைவகம் போதாமையே பெரும்பாலும் இதற்குக் காரணம். இங்கு நினைவகம் என்பது 'ரேம்' எனப்படும் முதன்மை நினைவகம். கோப்புகளைச் சேமிக்கும் வன்தட்டு வேறு. முன்னது வேலை நடைபெறும் மேசை. பின்னது நூல்களை அடுக்கிய அலமாரி. மின்சாரம் நின்றால் மேசை வெறுமையாகிவிடும். அலமாரி அப்படியே இருக்கும்.

மேசையைப் பெரிதாக்கும் நேர்வழி, கூடுதல் ரேம் பலகையைப் பொருத்துவது. ஆனால் மடிக்கணினியின் தாய்ப்பலகையில் 'ஸ்லாட்' என்னும் செருகுவாய்கள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். மெலிந்த வடிவமுடைய பலவற்றில் அவையும் இல்லை. ரேம் சில்லுகள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இயங்குதளமும் எல்லை வகுக்கும். 32 பிட் விண்டோஸ் 7 உள்ள கணினியில் 8 ஜிகாபைட் பொருத்தினாலும் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அது பயன்படுத்தாது.

செருகுவாய்கள் நிறைந்த பின் என் செய்வது? இவ்வினா மடிக்கணினியைவிட மூத்தது. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியின் முதன்மை நினைவகம் 16,384 சொற்களையே கொள்ளும். அதனுடன் சுழலும் காந்த உருளையில் 98,304 சொற்களுக்கு இடமிருந்தது. அதுவரை எப்பகுதியை எப்போது உள்ளே கொணர்வது என்பதை நிரலரே எழுதியாக வேண்டும். டாம் கில்பர்னும் அவர்தம் குழுவினரும் அச்சுமையைக் கணினியிடமே ஒப்படைத்தனர். இரண்டும் சேர்ந்து ஒரே நினைவகமாக நிரலுக்குத் தோன்றின. இதுவே மெய்நிகர் நினைவகம்.

இன்றைய மடிக்கணினியும் இவ்வாறே இயங்குகிறது. நினைவகம் பொதுவாக 4,096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்படுகிறது. இடம் நெருக்கும்போது, நெடுநேரம் தீண்டப்படாத பக்கங்களை இயங்குதளம் வன்தட்டுக்கு அனுப்பிவிடும். நிரல் மீண்டும் கேட்டால் திரும்பக் கொண்டுவரும். நிரலுக்கு இந்தப் போக்குவரத்து தெரியாது. பயன்படுத்தும் நமக்குத்தான் தெரியும்!

ஏன் தெரிகிறது? ரேமிலிருந்து ஒரு தரவைப் பெற ஒரு நொடி ஆவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவ்வளவில் எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்திலிருந்து பெறக் கால் மணி நேரத்திற்கு மேலாகும். சுழலும் வன்தட்டிலிருந்து பெற ஒரு நாளைக் கடந்துவிடும். எப்போதாவது ஒரு பக்கம் சென்று வந்தால் பாதகமில்லை. ஒரே வேளையில் தேவைப்படும் பக்கங்களே ரேமில் அடங்காதபோதுதான் இடர். அனுப்பிய பக்கத்தையே மறுகணம் அழைத்து, அதற்கு இடமளிக்க இன்னொன்றை வெளியேற்றி, அதனையும் உடனே அழைக்க நேரும். வேலையோ நகராது. 'த்ராஷிங்' எனப்படும் இந்நிலையின் காரணங்களைப் பீட்டர் டென்னிங் 1968இல் ஆராய்ந்து விளக்கினார்.

வன்தட்டுக்கு அனுப்பாமலே இடம் காணும் முறையும் உண்டு. லினக்சின் இசட்ரேம் வசதி, பயன்படாத பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்கிறது. சுருக்கவும் விரிக்கவும் செயலி சிறிது உழைக்க வேண்டும். எனினும் வன்தட்டுக்குச் சென்று மீள்வதைவிட அது விரைவானது.

பென்டிரைவைச் செருகினால் ரேம் பெருகும் என்பது பரவலான நம்பிக்கை. விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த ரெடிபூஸ்ட் வசதி இதற்கு வித்திட்டிருக்கலாம். அது ரேமைக் கூட்டுவதன்று. அடிக்கடி தேவைப்படும் தரவுகளின் படியொன்றைப் பென்டிரைவில் வைத்து, மெதுவான வன்தட்டின் வேலையைக் குறைப்பது மட்டுமே.

பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிய எண்ணும் குடும்பம், முதலில் அதன் சேமிப்பகம் எதுவெனப் பார்க்கலாம். சுழலும் வன்தட்டாயின், அதனை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவதற்கு ஆகும் செலவு, புதுக் கணினியின் விலையில் சிறு பகுதியே. ரேமின் அளவு கூடாது. பக்கங்கள் சென்று திரும்பும் நேரமோ பன்மடங்கு குறையும். புதிதாக வாங்குவோர், ரேம் பற்றவைக்கப்பட்டதா, காலிச் செருகுவாய் உள்ளதா, அதிகபட்சம் எத்தனை ஜிகாபைட் ஏற்கும் என்னும் மூன்றையும் பணம் செலுத்துமுன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.