கணிப்பொறிக்கு இரண்டு ஸ்ரீபெரும்புதூர்!

மாணவர்களே! ஒரகடத்திலிருந்து சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளின் பட்டியல் ஒன்று கணிப்பொறியில் இருப்பதாகக் கொள்வோம். 'ஸ்ரீபெரும்புதூர்' என்று தட்டச்சு செய்து தேடுகிறீர்கள். பட்டியலில் அந்தப் பெயர் கண்ணெதிரே நிற்கிறது. கணிப்பொறியோ 'இல்லை' என்கிறது! ஏன்?

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணைத்தான் அறியும். யுனிகோடு முறையில் 'ஸ்ரீ' என்பது 3000, 3021, 2992, 3008 என்னும் நான்கு எண்கள்: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. 2005-இல் 'ஶ' என்னும் எழுத்தும் யுனிகோடில் இடம் பெற்றது. அதன் எண் 2998. அதைக் கொண்டும் 'ஶ்ரீ' எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவந்தான். நம் கண் ஏமாறும், கணிப்பொறி ஏமாறாது. முதல் எண்ணே வேறு, ஆகவே சொல்லும் வேறு என்று முடிவு கட்டிவிடும்.

இப்படி எழுத்துகளை வரிசையாகக் கோத்து வைப்பதற்குச் 'சரம்' என்று பெயர். பூச்சரம் போலத்தான். இரு சரங்கள் ஒன்றா என்றறியப் பூவுக்குப் பூ ஒப்பிட வேண்டும்.

'குறியீடு' என்பது வேறு வகை. 1958-இல் அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியில் இதைக் காணலாம். ஒரு பெயரை முதன்முறை படிக்கும்போது லிஸ்ப் அதை ஓர் அட்டவணையில் பதிந்து, நினைவகத்தில் ஓரிடம் ஒதுக்குகிறது. அதே பெயர் மறுபடி வந்தால் புதிய இடம் கிடையாது. பழைய இடத்தையே காட்டும். பின்னர் ஒப்பிட வேண்டியது இட எண்ணை மட்டுமே. பெயர் எவ்வளவு நீளமானாலும் ஒரே படியில் வேலை முடியும். உங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண்ணைச் சொல்லி அழைப்பதில்லையா, அதுபோல.

அப்படியானால் நம் லாரிச் சிக்கல் தீர்ந்ததா? அதுதான் இல்லை! அட்டவணையில் பதியும்போது லிஸ்பும் எழுத்தைத்தானே பார்க்கிறது? இரண்டு விதமாக எழுதினால் இரண்டு குறியீடுகள் பிறந்துவிடும். 'இவ்விரண்டும் ஒரே ஊர்' என்பதை நிரல் எழுதுபவரே சொல்லிக் கொடுக்க வேண்டும். குறியீட்டின் வேகத்தைப் புகழ்வோர் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, வேகமானது என்பதற்காக எல்லாவற்றையும் குறியீடாக்கிவிடலாமா? அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையைப் பாருங்கள். அங்கே உருவாகும் காரின் அடையாள எண்ணில் 17 எழுத்துகளும் இலக்கங்களும் உண்டு. முதல் மூன்றாகிய எம், ஏ, எல் தயாரித்தவர் யாரென்று சொல்லும். 1, 0 ஆகியவற்றோடு குழம்பாமலிருக்க ஐ, ஓ, கியூ எழுத்துகளையே இதில் சேர்ப்பதில்லை. இதைப் பிரித்துப் படித்தால்தான் பயன். ஆகவே இது சரமாகவே இருக்க வேண்டும். அதே காரின் நிறம் 'வெள்ளை' என்பதை யாரும் எழுத்தெழுத்தாகப் பிரிப்பதில்லை. அதற்குக் குறியீடு போதும்.

உங்கள் பள்ளியின் பெயர், உங்கள் தேர்வு எண், நீங்கள் படிக்கும் வகுப்பு: இவற்றில் எது சரம், எது குறியீடு? யோசித்துப் பாருங்கள்.